வாய்க்கால் கரைப் புல்

இடுப்பு பிடித்துக்கொண்டால் அவனுக்குப் பேச்சு நின்றுவிடும். மற்ற நேரத்தில் யாராலும் நிறுத்த முடியாத பேச்சு அது. அதனால் அவன் வாயைத் திறக்காமல் வரப்பில் உட்கார்ந்திருந்தாலே, வலி முதுகுத்தண்டின் அடியிலிருந்து இடது தொடைக்கு இறங்கிவிட்டது என்று அவன் மனைவிக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். குனிந்தவன் நிமிர வேண்டுமென்றால் முதலில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்ற வேண்டும். பிறகு ஒரு கையை எடுத்து இடுப்புக்குக் கொடுக்க வேண்டும். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, துருப்பிடித்த கதவைத் திறக்கிற மாதிரி, கொஞ்சங்கொஞ்சமாக மேலே வர வேண்டும். முழுசாக நிமிர்வதற்குள் அடுத்த களை கண்ணில் பட்டுவிடும்.

மருந்து அடிப்பவனுக்குத் தோளும் கண்ணும் போகும். கையால் களை பிடுங்குபவனுக்கு இடுப்பு போகும். இதில் எது மேல் என்று அவன் டீக்கடையில் பலமுறை பேசியிருக்கிறான். இடுப்பு போனாலும் மண் போகாது என்று முடிப்பான். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். இடுப்பு அவனுடையது என்பதால் தலையாட்டுவதில் அவர்களுக்குச் சிரமம் இல்லை.

ஊரில் அவனுக்குப் பெயர் மண்புழு. உர மூட்டையையும் மருந்து பாட்டிலையும் விட்டுவிட்டு, சாணியையும் தழையையும் மக்கவைத்து நிலத்தில் போடப்போகிறேன் என்று அவன் கிளம்பிய வருஷம் விளைச்சல் படுத்துவிட்டது. "இனி மண்ணைத் தின்னுதான் பொழைக்கணும், மண்புழு" என்று எவனோ சொன்னது ஒட்டிக்கொண்டது. மறு வருஷமும் சுமார்தான். அதற்கடுத்த மழைக்காலத்தில் எல்லார் வயலிலும் தண்ணீர் குளமாக நின்று வேர் அழுகியபோது, அவன் வயல் மட்டும் வந்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. மண்வெட்டியைப் போட்டால் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. கத்தரிக்காய் பறித்து நாலைந்து நாள் வைத்திருந்தாலும் தோல் சுருங்கவில்லை. முதலில் பக்கத்து வயல் வண்டிக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஆறு குடும்பம் சேர்ந்து கூட்டு ஒன்று ஆரம்பித்து, டவுனில் ஒரு கடையும் போட்டார்கள். 'மருந்து படாத காய்கறி' என்று எழுதிய பலகையை ஏணியில் ஏறி மாட்டியது அவன்தான். மண்புழு என்ற பெயரில் அப்போது மரியாதை ஏறிவிட்டது. அவனும் அந்த மரியாதைக்குத் தக்கபடி கொஞ்சம் வீங்கினான்.

வீக்கத்தில் ஒருநாள் மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டு, பத்துப் பேர் கேட்க, "விஷத்தை அளந்து விக்கிறவனுக்கு வீட்டுல எப்படிச் சோறு எறங்குது?" என்றான். கடைக்காரர் சிரித்துவிட்டு, அடுத்தவனுக்குச் சாமானை எடுத்துக் கொடுத்தார்.

நிலத்துக்குள் களையை அவன் சமாளித்துவிடுவான். வைக்கோல் போட்டு மூடுவான், கொத்துவான், பிடுங்குவான். சமாளிக்க முடியாதது வாய்க்கால் கரை. வயலின் நீளத்துக்கு ஓடும் அந்தக் கரையில் அகல இலையோடு இடுப்புயரக் களை ஒன்று மண்டியிருந்தது. வெள்ளையாகப் பூக்கும். காற்றடித்தால் உமி மாதிரி விதை பறந்து வயலெல்லாம் விழும். அறுத்தால் அடியிலிருந்து நாலு கிளை விடும். பிடுங்கினால் பாதி வேர் உள்ளேயே நின்றுவிடும்.

"ஒத்தை ஆளா எத்தனை நாளைக்கு மல்லுக்கட்டுவீங்க?" என்றாள் மனைவி. "வண்டிக்காரர்கிட்டச் சொல்லுங்களேன். வீட்டுக்கு ஒரு ஆள் வந்தா ஒரே நாள்ல முடிஞ்சிடும்."

"போய் என்னன்னு சொல்றது? எனக்கு முடியலைன்னா?"

"முடியலைன்னுதான் சொல்லணும். முடியலையே."

"அவங்களை இதுக்குள்ள இழுத்துவிட்டதே நான். நானே இடுப்பைப் பிடிச்சிக்கிட்டுப் போய் நின்னா, அப்பவே சொன்னேன்ல, இதெல்லாம் வேலைக்காகாதுன்னு எவனாவது சொல்லுவான்."

"சொன்னா சொல்லிட்டுப் போறான். வாய் அவனுது, இடுப்பு உங்களுது."

வலி தொடைக்கு இறங்கியிருந்தது.

மருந்துக்கடைக்கு அவன் போனது நல்ல மதியம். தெருவில் நாய்கூட இல்லை. கடைக்காரர் உர மூட்டை அடுக்கில் சாய்ந்து, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. வழி தவறி வந்துட்டீங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே."

"பண்ணல. ஒக்காருங்க. இடுப்பா?"

"எப்படித் தெரியும்?"

"நடக்கும்போதே தெரியுதே. என் கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு பூச்சிக்காக வர்றதில்ல, இடுப்புக்காகத்தான் வர்றாங்க."

"வாய்க்கால் கரைக்கு மட்டுந்தான். நிலத்துல ஒரு சொட்டு விழாது."

"நான் கேட்டேனா?" கடைக்காரர் எழுந்து உள்ளே போய், ஒரு பாட்டிலோடு வந்தார். "இது அகல இலையை மட்டும் முறுக்கிக் கொன்னுடும். புல்லைத் தொடாது. கரை பாட்டுக்குப் பச்சையாவே நிக்கும். அடிச்சதே யாருக்கும் தெரியாது."

சரக்கின் குணத்தைத்தான் அவர் சொன்னார். அவனுக்கு அது வேறு இடத்தில் குத்தியது.

"ஒண்ணு மட்டும் கவனம் தம்பி. அந்தப் புல்லை மாட்டுக்குப் போட்டுடாதீங்க. மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. சாணியில எறங்குமாம். அந்தச் சாணியைப் போட்டா தக்காளி, அவரை எல்லாம் சுருண்டுக்குமாம். உள்ள இருக்கிற தாள்ல போட்டிருக்கான்."

"எத்தனை நாளைக்கு?"

"அதெல்லாம் யாரு படிச்சா? என்கிட்ட வாங்குறவங்க சாணியா போடுறாங்க? மூட்டை உரத்தைத்தானே போடுறாங்க. உங்களுக்குன்னுதான் சொல்றேன்."

பாட்டிலைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, பையின் வாயை முறுக்கிக் கொடுத்தார். "யார்கிட்டயும் வாய் திறக்க மாட்டேன். போய் இடுப்பைப் பாருங்க" என்றார். அன்றைக்குப் பேசிய பேச்சுக்குப் பதிலாக நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. பையை வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டு, திருட்டுக் கோழியைக் கொண்டுபோகிறவன் மாதிரி அவன் வீட்டுக்கு நடந்தான்.

மனைவி காய்கறி வண்டியோடு டவுன் கடைக்குப் போன காலையில் அடித்தான். புளிக்கவைத்த கரைசல் அடிக்கிற தெளிப்பான்தான். அடித்து முடித்து, திரும்பத் திரும்பக் கழுவி, அதே ஆணியில் மாட்டினான். சில நாளில் களையின் தண்டு முறுக்கிக்கொண்டது. குருத்து உள்பக்கமாகச் சுருண்டு, சின்னக் குழந்தையின் மூடிய கை மாதிரி ஆனது. பிறகு எல்லாம் தரையோடு படுத்துக் காய்ந்தன. அதுவரை அவளைக் கரைப்பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொண்டு, அவள் அடுத்தமுறை கடைக்குப் போன நாளில் காய்ந்ததை அள்ளிக் கொண்டுபோய், யாரும் போகாத ஓடைப் பள்ளத்தில் தள்ளினான். கரையில் புல் மட்டும் நின்றது. சீவி வாரிவிட்ட தலை மாதிரி இருந்தது.

"அடேயப்பா" என்றாள் மனைவி, கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்துவிட்டு. "நான் கடைக்குப் போற நாளாப் பார்த்துப் பிடுங்கினீங்களா? இத்தனையையும்?"

"ம்."

"இடுப்பு என்னத்துக்கு ஆகும்? அறிவிருக்கா உங்களுக்கு?"

அன்றைக்குச் சாயங்காலம் எண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்து, அவனைக் குப்புறப் படுக்கச் சொன்னாள். அவளும் நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு வந்தவள்தான். மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கட்டைவிரலாலும் அவன் முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்தாள். கூடை தூக்கிக் காய்த்த கை. எங்கே வலிக்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும்.

"இந்த எடமா?"

"ம்."

"கல்லு மாதிரி இருக்கு பாருங்க. கரை முழுக்கக் கையாலேயே பிடுங்கினா இருக்காதா பின்ன." கொஞ்சம் நிறுத்தி, "ஊருக்கே வாயால பாடம் நடத்துறவருன்னு நெனைச்சேன். கையாலயும் செய்யுறீங்க" என்று சிரித்தாள்.

அவன் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டான். எண்ணெய்ச் சூடு இடுப்புக்குள் இறங்கியது. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அவள் கை அவ்வளவு இதமாக இருந்தது. சொன்னால் அந்தக் கை நின்றுவிடும் என்று சும்மா இருந்தான்.

மாட்டுக்குப் புல் வெட்டாதே என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பாள். அதற்கு ஒரு பதில் தயார் செய்தான்.

"கரைப்பக்கம் போகாத. பாம்பு ஒண்ணு கெடக்கு. பெருசு."

"நம்ம வயல்ல என்னைக்குப் பாம்பு இல்லாம இருந்துச்சு? எலி தின்னுது, இருக்கட்டும்னு நீங்கதானே சொல்லுவீங்க."

அது அவன் சொன்ன பாடம்தான். பாம்பு, தவளை, சிலந்தி எல்லாம் கூலி வாங்காத வேலைக்காரர்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் அவன் சொல்வதை அவள் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

வெயில் ஏறி, வேறு எங்கும் பச்சை இல்லாமல் போன சமயத்தில் அவள் கரைப் புல்லை அறுத்துக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். அவன் தொழுவத்தில் நின்றிருந்தான். மாடு அவள் வருவதைப் பார்த்ததும் கயிற்றை இழுத்தது. கட்டை அவிழ்த்துப் போட்டாள். மாடு நாக்கைச் சுழற்றி முதல் வாயை எடுத்தது.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் இறைக்கப் போனான். இறைக்கும்போது, அடித்து எவ்வளவோ நாளாகிவிட்டது, வெயிலில் ஆவியாகியிருக்கும், மிச்சத்தைப் பனி கழுவியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மழை வந்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்று மருந்தடிக்கிறவர்கள் சொல்வார்கள். அவர்களை அவன் எவ்வளவு கேலி செய்திருக்கிறான். தான் சொல்வதும் அதே வார்த்தைதான் என்று தெரிந்தும் சொல்லிக்கொண்டான்.

அந்த வெயில்காலம் முழுக்க மாடு கரைப் புல்லைத் தின்றது. சாணி குவியலுக்குப் போனது. குவியல் சூடாகி, ஆறி, கிளறப்பட்டு, கறுத்து, காட்டு மண் வாசனை வீசியது. கூட்டில் அவன் எருவுக்குத் தனி மரியாதை. கூட்டின் நாற்றுக் கொட்டகையில் மற்றச் செடிகளுக்கு மற்றவர்கள் எரு. கடையில் பேர்போன கோணத்தக்காளிக்கு மட்டும் மண்புழு எரு.

நாற்றுக் கொட்டகை விதைக்கார அக்காவின் பொறுப்பு. கொட்டகையை ஒட்டிய ஒற்றை அறையில்தான் அவள் தனியாகக் குடியிருந்தாள். மூக்குக்கண்ணாடியின் உடைந்த காதை நூலால் கட்டி மாட்டியிருப்பாள். அறையில் படுக்கிற இடம் போக மிச்சமெல்லாம் டப்பாக்கள். ஒரு கெட்ட மழைக்காலத்தில் ஊரில் இருந்த தக்காளிச் செடி அத்தனையும் அழுகிப்போனபோது, குப்பைமேட்டு ஓரத்தில் ஒரே ஒரு செடி நின்றது. அதன் பழம் புடைத்து, ஒருபக்கம் கோணிக்கொண்டு, பார்க்க அசிங்கமாக இருந்தது. அக்கா அதை எடுத்து விதை வைத்தாள். வருஷா வருஷம் அதில் நல்ல செடியாகப் பார்த்துப் பொறுக்கி விதை எடுத்தாள். வெளியிலிருந்து ஒன்றும் போடாமல் மழையைத் தாங்கி நிற்கிற தக்காளி அது ஒன்றுதான். டவுன்காரர்கள் கடைக்கு வந்ததும் "அந்த மூஞ்சி கோணின தக்காளி இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். அது இருந்தால் மற்றதும் விற்கும்.

அந்த வருஷம் அதன் நாற்று முளைத்து, நாலாவது இலை விடும்போது சுருண்டுகொண்டது.

அக்கா ஆள் அனுப்பி எல்லாரையும் வரச்சொன்னாள். கூட்டு மொத்தமும் கொட்டகையில் நின்று தட்டுகளைப் பார்த்தது. அவன் கிட்டே போகவில்லை. போகத் தேவையும் இல்லை. வாசலில் இருந்தே தெரிந்தது. தண்டு முறுக்கி, குருத்து உள்பக்கமாகச் சுருண்டு, சின்னக் குழந்தையின் மூடிய கை.

"விதையில வியாதி" என்றார் வண்டிக்காரர். "டவுன்ல ஒருத்தன் தோட்டத்துல பார்த்தேன். இப்படியேதான்."

"என் விதையில இதுவரைக்கும் வந்ததில்லையே" என்றாள் அக்கா.

"விதைக்கு வயசாகாதா? நமக்கே ஆகுது."

"உங்களுக்கு ஆனது தெரியுது, விதைக்கு ஆனது தெரியல." சொன்னவள் சிரிக்கவில்லை. ஒரு நாற்றை வேரோடு எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "எருவா இருக்குமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். வண்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மண்புழு எருவைப் போயா சொல்ற? விட்டா அவன் அதைச் சோத்துல போட்டுத் தின்னுவான்."

அவன் மனைவியும் சிரித்தாள். ஆனால் அவள் முகம் சிவந்துவிட்டது.

"நீ சொல்லுப்பா மண்புழு. விதையா, எருவா?" என்றார் வண்டிக்காரர்.

எல்லார் முகமும் அவன் பக்கம் திரும்பியது. அக்காவும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவன் சொன்னால் ஒத்துக்கொள்கிற முகத்தோடு பார்த்தாள்.

"ஒரே விதையைத் திரும்பத் திரும்ப எடுத்துட்டே இருந்தா, ஒரு கட்டத்துல வீரியம் போயிடும்க்கா" என்றான்.

'அக்கா' என்பதையும் சேர்த்துத்தான் சொன்னான். பின்னால் அவனை அதிகமாக அறுத்தது அதுதான்.

"சரி" என்றாள் அவள். "ஒரு பத்து நாள் குடுங்க. தெளியுதான்னு பார்க்கிறேன். தெளியலைன்னா நீங்க டவுன் நாத்தே வாங்கிக்குங்க."

கலைந்து போகும்போது வண்டிக்காரர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அக்காவுக்குக் கேட்கும்படிதான் சொன்னார்: "கண்ணும் சரியில்ல அவங்களுக்கு. வேற யாரையாவது போடணும்."

அந்தப் பத்து நாளும் அவன் கொட்டகைப் பக்கம் போகவில்லை. வேலை நிறைய இருப்பதாகக் காட்டிக்கொண்டான். இடுப்பு சரியாக இருந்தும் பேச்சு நின்றுவிட்டது. மனைவி இரண்டு தடவை எண்ணெயைச் சுடவைத்தாள். இரண்டு தடவையும் வேண்டாம் என்றான்.

பத்தாம் நாள் காலையில், தொழுவத்துக்குப் பின்னால் வரச்சொல்லி அவள் கூப்பிட்டாள். அங்கே சுவரோரமாக இரண்டு பழைய எண்ணெய் டின்கள் இருந்தன. இரண்டிலும் அவரை முளைத்திருந்தது. ஒன்றில் இலை உள்ளங்கை அளவுக்கு விரிந்திருந்தது. இன்னொன்றில் சுருண்டிருந்தது.

"அந்தக்கா எருவான்னு கேட்டுச்சில்ல. எல்லாரும் சிரிச்சாலும் எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு" என்றாள். "நாளைக்கு எவளாவது உங்க எருவைக் கொறை சொன்னா மூஞ்சிக்கு நேரா காட்டணும்னு வெச்சேன். இது வெறும் மண்ணு. இது உங்க எரு."

அவன் டின்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவரை விதை நம்ம வீட்டுது. அக்கா விதை இல்ல" என்றாள்.

"தெரியும்."

"என்ன போட்டீங்க குவியல்ல?"

"குவியல்ல போடல." அவன் உட்கார்ந்தான். நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை. "கரையில அடிச்சேன்."

அவள் திரும்பி வாய்க்கால் பக்கம் பார்த்தாள். கரை, களை, காணாமல் போன களை, புல், கட்டு, மாடு. அவள் முகத்தில் அது ஒவ்வொன்றாக நடந்து போவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க பிடுங்கல."

"இல்ல."

"நான் எண்ணெய் தேச்சேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பாம்புன்னீங்களே."

"ம்."

"மாட்டுக்குப் போடக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பாம்பு. நான் கட்டுக்கட்டா அறுத்துக் கொண்டாந்து போட்டப்போ நீங்க இங்கதான் நின்னீங்க." அவள் குரல் ஏறவில்லை. "என் கையாலதான் போட்டிருக்கேன். எல்லாத்தையும் என் கையாலயே செய்ய வெச்சிட்டீங்க."

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ? வண்டிக்காரரு அந்தப் பொம்பளையைக் குருடின்னு சொன்னப்பவா? வீரியம் போயிடும்க்கான்னு சொன்னீங்களே, அப்பவா?"

மாடு அவர்களைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவள் கெட்டுப்போன டின்னைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க. வாயால சொன்னா ஏதாவது சுத்திவளைச்சிச் சொல்லுவீங்க. இதைக் காட்டுங்க."

அவன் போனபோது அக்கா அறைக்கு வெளியே அடுப்புக்கல்லில் உட்கார்ந்து, வேகவைத்த கிழங்கை உப்பைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். கொட்டகைக்குள் தட்டுகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. அவள் பக்கத்தில் ஒரு டப்பா, மூடி திறந்து காலியாகக் கிடந்தது. அடுப்பில் விறகு இல்லை. நடுவில் ஒரு பிடி சாம்பல், மேலே மட்டும் வெளுத்து.

"வா தம்பி. கெழங்கு தின்றியா?"

"வேணாம்க்கா." டின்னைக் கீழே வைத்தான். "நாத்து எங்க?"

"தெளியல. காலையிலதான் குழியில கொட்டினேன்."

"விதை?"

அவள் அடுப்பைக் காட்டினாள். "விதையிலதான் கோளாறுன்னு நீதானே சொன்ன. வீரியம் போச்சுன்னா சும்மா மொளைக்காமப் போகும். இது வியாதி. விதையில வந்த வியாதியை வெச்சிருந்தா எல்லார் நிலத்துக்கும் போயிடும். பொம்பளைங்ககிட்ட ஆளுக்கு ஒரு பிடி குடுத்து வெச்சிருந்தேன், அதையும் வாங்கிட்டு வந்து போட்டுட்டேன். ஒண்ணும் மிச்சம் வெக்கல." கிழங்கை மென்றுகொண்டே சொன்னாள். "படபடன்னு வெடிச்சுது. இத்தனை விதையான்னு இருந்துச்சு."

அவன் உட்காராமல் சொன்னான். கடைக்குப் போனது, பாட்டில், கரை, புல், சாணி. அவள் நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. மெல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். அவன் முடித்ததும் டின்னை இழுத்து, சுருண்ட அவரை இலையை இரண்டு விரலால் மெதுவாக விரித்துப் பார்த்தாள். விட்டதும் அது மறுபடி சுருண்டுகொண்டது.

"நீ அன்னிக்கே சொல்லியிருந்தா விதை இருந்திருக்கும்."

"ஆமாக்கா."

"இன்னிக்குக் காலையில சொல்லியிருந்தாக்கூட இருந்திருக்கும்."

"மன்னிச்சிடுக்கா. தெரியாம..."

"தெரிஞ்சுதான் செஞ்ச." கிழங்கைத் தட்டோடு தள்ளிவைத்தாள். "மன்னிப்பை நான் மொளைக்கப்போடவா முடியும்? வா. மண்வெட்டி எடு."

குழியில் நாற்றின் மேல் குப்பை விழுந்திருந்தது. இரண்டு பேரும் உள்ளே இறங்கினார்கள். பாதிக்கு மேல் வெயிலில் வதங்கிப் போயிருந்தது. அடியில் ஈரத்தில் கிடந்ததில் கொஞ்சம் உயிர் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, வேரில் ஒட்டிய எருவை வாளித் தண்ணீரில் அலசினாள். அவன் எரு, அவன் பெருமைப்பட்டுக்கொண்ட எரு, வாளியில் கறுப்பாகக் கலங்கியது. கொட்டகைக்குப் பின்னால் வெறும் மண்ணைக் கொத்தி நட்டார்கள். வெறும் மண் என்றால் வெறும் மண்தான். எருவே போடாத மண். குனிந்து குனிந்து அவன் இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர முடியாமல் முழங்காலில் கை ஊன்றி நின்றான்.

"இதுக்குத்தானா?" என்றாள் அக்கா, அவன் நிற்பதைப் பார்த்து.

"ம்."

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. மருந்தை நிறுத்துறதுன்னா சும்மாவா? மருந்து செஞ்ச வேலையை எவனாவது செய்யணும்ல. ஒருத்தன் இடுப்புல அத்தனையும் ஏத்த முடியுமா? ஆறு வீடு எதுக்குச் சேர்ந்தோம், பலகை மாட்டவா?"

ஊருக்கே பாடம் நடத்தியவனுக்கு இந்த ஒன்று மட்டும் தோன்றாமல் போய்விட்டது. அல்லது தோன்றியும் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டான்.

அன்றைக்கே கூட்டில் சொன்னான். டின்னைக் காட்டினான். யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். வண்டிக்காரர் மட்டும், "நான் அந்தம்மாவைக் குருடின்னேன்" என்றார். "அதையும் உன் கணக்குலயே எழுதிக்கோ."

கடைப் பலகையைக் கழற்றினார்கள். வாங்க வந்தவர்களிடம் என்ன நடந்தது என்று சொல்லிவிட்டுத்தான் விற்பது என்று முடிவானது. முதல் வாரம் சொல்கிற வேலை அவனுக்கு. "எங்க எருவுல களைக்கொல்லி கலந்துடுச்சு" என்று ஆரம்பித்தான். பக்கத்தில் நின்ற மனைவி, "கலக்கல. அடிச்சாரு" என்று திருத்தினாள். ஒரு அம்மாள் எடுத்த காயைத் திரும்பக் கூடையிலேயே வைத்துவிட்டுப் போனாள். சிலர் வாங்கினார்கள். வாங்கியவர்களைப் பார்ப்பதுதான் அவனுக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது.

களை மறுபடி கரையில் தலைதூக்கியபோது, அவன் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற தகுதி போய்விட்டது என்று இருந்தான். ஒரு காலையில் கரையில் ஆள் சத்தம் கேட்டது. வீட்டுக்கு ஒருவராக வந்திருந்தார்கள். வண்டிக்காரர் மண்வெட்டியால் வேரோடு தோண்டிக்கொண்டிருந்தார். அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ வராத. உன் இடுப்பு கூட்டுக்குச் சொந்தம், ஒடஞ்சிடப்போகுது" என்றார் வண்டிக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் விஷம் இல்லை. இருந்திருந்தால் அவன் தாங்கிக்கொண்டிருப்பான்.

அவன் மனைவி எல்லாருக்கும் டீ கொண்டுவந்தாள். அவனுக்கும் கொடுத்தாள். எண்ணெய் மட்டும் அதற்குப் பிறகு அவள் சுடவைக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

டீ குடித்ததும் வேலை மறுபடி நடந்தது. பிடுங்கியதை மூலையில் குவித்தார்கள். மதியத்துக்குள் கரை சுத்தமாகிவிட்டது. ஒரு நாள்கூட ஆகவில்லை.

குழியிலிருந்து எடுத்து நட்டதில் நாலு செடி பிழைத்தது. தண்டு கோணலாக வளர்ந்து, ஒரு கட்டத்தில் இலை விரிந்தது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற அவன் போவான். அக்கா இருந்தால் வேலையைப் பற்றி மட்டும் பேசுவாள். பூத்தது. காய்த்தது. முதல் பழம் சிவந்த அன்றைக்கு அவனை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள்.

அடுப்புக்கல்லில் பழம் இருந்தது. புடைத்து, ஒருபக்கம் கோணி, அதே மூஞ்சி. அவள் கத்தியால் குறுக்கே அறுத்து இரண்டு பாதியையும் மலர்த்தி வைத்தாள். உள்ளே சதை இருந்தது, சாறு இருந்தது. விதை இருக்க வேண்டிய குழிகளில் ஒன்றும் இல்லை.

அவள் ஒரு பாதியை எடுத்துக் கடித்தாள். இன்னொரு பாதியை அவனிடம் நீட்டினாள். அவன் தின்றான். ருசி மாறவில்லை.

"அடுத்த காய்ப்புல வருதான்னு பார்ப்போம்" என்றாள். காலி டப்பாவை எடுத்துத் துடைத்து, மூடி போடாமல் அவன் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள். "வராட்டி அதுக்கடுத்ததுல. எனக்கு அவசரம் இல்ல. ஆனா விட்டுக்குடுக்கவும் மாட்டேன்."

அவன் வாளியை எடுத்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனான்.

விதைக்கார அக்காவுக்கு அவன் ஒரு டப்பா தக்காளி விதை தர வேண்டும். இன்னும் தரவில்லை.